லெஸ்டர் ரைடர்ஸ்: ஓர் ஆங்கிலக் கூடைப்பந்து கிளப்பின் வரலாற்றை எப்படிப் படிப்பது?

இங்கிலாந்தின் கால்பந்து கிளப் ஒன்றின் வரலாற்றைப் படிப்பது சுலபம். பெயர், ஊர், மைதானம் மூன்றும் பெரும்பாலும் பல தலைமுறைகளாக அப்படியே இருக்கும். மாறுவது ஆட்டக்காரர்களும் முதலாளிகளும்தான். கூடைப்பந்துக்கு வந்தால் கதையே வேறு. சண்டர்லாந்தில் ஆடிய அணி நியூகாசில் அணி ஆகிறது. வாட்ஃபோர்டில் இருந்த அணி 1998இல் மில்டன் கீன்ஸுக்குப் போகிறது, 2012இல் லண்டனுக்குப் போய் லண்டன் லயன்ஸ் ஆகிறது. கிங்ஸ்டன் அணி 1988இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் பெயர்ந்து ஒரே ஒரு சீசன் ரேஞ்சர்ஸ் என்ற பெயரில் ஆடிவிட்டுத் திரும்பி வருகிறது. பிறகு கில்ஃபோர்ட் கிங்ஸ் ஆகி, 1994இல் காணாமலே போகிறது.

புதிதாகப் படிப்பவருக்கு இது தலைசுற்றலாக இருக்கும். இந்த இடப்பெயர்ச்சிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: ஆடுவதற்கு ஹால் இல்லை, அல்லது இருக்கும் ஹால் பொருந்தவில்லை. ஆகவே ஓர் ஆங்கிலக் கூடைப்பந்து கிளப்பின் வரலாற்றைக் கையில் எடுத்தால், எத்தனை கோப்பை வென்றது என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த ஆண்டில் யாருடைய கூரையின் கீழ் ஆடியது என்று பாருங்கள். மற்ற விஷயங்கள் பாதி அதிலேயே விளங்கிவிடும். இதற்கு மிகத் தெளிவான உதாரணம் லெஸ்டர் ரைடர்ஸ். பிரிட்டனில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் தொழில்முறை கூடைப்பந்து கிளப்புகளில் மிகப் பழையது இதுதான்.

லஃப்பரோவில் தொடக்கம்

ரைடர்ஸ் பிறந்த ஊர் லெஸ்டர் அல்ல. 1967இல், லெஸ்டருக்கு வடக்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லஃப்பரோ நகரில், லஃப்பரோ ஆல்-ஸ்டார்ஸ் என்ற பெயரில் இந்த அணி உருவானது. விளையாட்டுக் கல்விக்கு இங்கிலாந்திலேயே பெயர்போன ஊர் அது. உடற்கல்வி படிக்க நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் வருவார்கள். உயரமும் உடற்பயிற்சியும் உள்ள ஆட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஹாலும் பக்கத்திலேயே இருந்தது. கால்பந்தும் ரக்பியும் கிரிக்கெட்டும் ஆளும் நாட்டில் கூடைப்பந்து முதலில் வேர்பிடித்தது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

1972இல் ஆங்கிலேயர்கள் ஒரு தேசிய கூடைப்பந்து லீக்கை ஆறு அணிகளோடு தொடங்கினார்கள். ஆல்-ஸ்டார்ஸ் அந்த ஆறில் ஒன்று. அந்தக் காலத்து ஆவணங்களைப் புரட்டுபவர் ஒரு சிக்கலைச் சந்திப்பார். ஸ்பான்சர் மாறினால் அணியின் பெயரும் மாறிவிடும். சின்சானோ கிறிஸ்டல் பேலஸ் என்று ஒரு மதுபானத்தின் பெயரோடு ஓர் அணி, ஷார்ப் மான்செஸ்டர் யுனைட்டட் என்று மின்சாதனக் கம்பெனியின் பெயரோடு இன்னொன்று. (ஆமாம், புகழ்பெற்ற அந்தக் கால்பந்து கிளப் 1980களில் ஒரு கூடைப்பந்து அணியையும் வைத்திருந்தது.) பெயரைப் பின்தொடர்ந்தால் வழி தவறிவிடும். எந்த நிர்வாகம், எந்த லீக் இடம், எந்த ஹால் என்று பின்தொடர்ந்தால் வழி தவறாது.

கிரான்பி ஹால்ஸ்

1980களின் தொடக்கத்தில் அணி லெஸ்டர் நகருக்கு வந்தது. ரைடர்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அந்தப் பத்தாண்டில்தான். அவர்களுக்குக் கிடைத்த வீடு கிரான்பி ஹால்ஸ். முதல் உலகப் போர்க் காலத்தில் பயிற்சிக்கூடமாகக் கட்டப்பட்டு, பின்னர் ரோலர் ஸ்கேட்டிங், பொருட்காட்சி, ராக் இசை நிகழ்ச்சி என்று ஊரின் எல்லாக் கொண்டாட்டங்களுக்கும் இடம்கொடுத்த பழைய கட்டடம். லெஸ்டர் டைகர்ஸ் ரக்பி மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. பழசு, குளிர், அழகில்லாதது. ஆனாலும் நகரின் நடுவில் இருந்தது, கூட்டம் நெருங்கி உட்கார்ந்தால் சத்தம் கூரையில் மோதித் திரும்பும். ஒரு கூடைப்பந்து அணிக்கு ரசிகர் கூட்டம் உருவாக இவ்வளவு போதும்.

இங்கே சற்று நின்று, கூடைப்பந்துக்கு ஏன் ஹால் இவ்வளவு பெரிய பிரச்சினை என்பதைப் பார்த்துவிடுவோம். சர்வதேச விதிப்படி ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் குறைந்தது 2 மீட்டர் காலியிடம் வேண்டும். வேகமாக ஓடி வரும் ஆள் சுவரில் மோதாமல் நிற்க வேண்டுமே. ஆக 32-க்கு 19 மீட்டர் தரை. மேலே 7 மீட்டர் உயரத்துக்கு விளக்கோ உத்தரமோ குறுக்கே வரக் கூடாது. தரை காலுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் மரத்தளமாக இருக்க வேண்டும். கான்கிரீட்டின் மேல் நேரடியாக ஒட்டிய தரையில் வாரம் ஐந்து நாள் குதித்தால் முழங்காலும் கணுக்காலும் சீசன் முடியும்வரை தாங்காது.

இங்கிலாந்தில் பொது விளையாட்டுக் கூடங்களை அளக்கும் வழக்கமே வேறு. எத்தனை பேட்மின்டன் ஆடுகளம் பிடிக்கும் என்றுதான் கணக்கு. பள்ளிகளிலும் ஊராட்சி விளையாட்டு மையங்களிலும் அதிகம் காணப்படும் பழைய நான்கு-கோர்ட் ஹால் 33 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். மேலே சொன்ன 32-க்கு 19 கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீளம் சரி. அகலத்தில் 1 மீட்டர் குறைகிறது. அதாவது கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்தான். அந்த ஒன்றரை மீட்டரில்தான் மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார வேண்டும், ஸ்கோரர் மேசை போட வேண்டும். பார்வையாளருக்கு ஒரு பெஞ்ச் போடக்கூட இடமில்லை. ஆட முடியும். டிக்கெட் விற்க முடியாது.

மறு எல்லையில் பெரிய அரங்கங்கள்: 10,000, 20,000 பேர் உட்காரும், இசை நிகழ்ச்சிக்காகக் கட்டப்பட்ட இடங்கள். அவற்றின் வாடகை கூடைப்பந்து கிளப்பின் கைக்கு எட்டாது. ஒரு பாடகர் தேதி கேட்டால் கூடைப்பந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தரைப்பலகைகளை ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து பொருத்த வேண்டும், ஆட்டம் முடிந்ததும் கழற்ற வேண்டும். நடுவில், 2,000 முதல் 3,000 பேர் உட்காரும் ஹால், இங்கிலாந்தில் நெடுங்காலம் அநேகமாக இல்லவே இல்லை. இந்த விளையாட்டின் வரலாறு முழுவதும் அந்த நடு அளவு ஹாலைத் தேடி அலைந்த வரலாறு என்று சொன்னால் மிகையில்லை.

லீக் என்பது ஒரு கம்பெனி

1987இல் பெரிய கிளப்புகள் சேர்ந்து பிரிட்டிஷ் கூடைப்பந்து லீக்கைத் தொடங்கின. சுருக்கமாக பி.பி.எல். லெஸ்டர் இதிலும் நிறுவன உறுப்பினர். பழைய தேசிய லீக்கை விளையாட்டுச் சங்கம் நடத்தியது. புதிய லீக்கோ கிளப்புகளே பங்குதாரர்களாக இருந்த கம்பெனி. ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஓர் அணி ஆட வேண்டுமானால் லீக்கில் ஓர் இடம், அதாவது உரிமம், கையில் இருக்க வேண்டும். கடைசி இடம் பிடித்தாலும் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட மாட்டார்கள். கீழ்ப் பிரிவில் முதலாவதாக வந்தாலும் தானாக மேலே ஏற முடியாது.

இதனால் இரண்டு விளைவுகள். தகுதியிறக்கம் என்ற பயம் இல்லாததால் ஒரு மோசமான சீசன் கிளப்பைக் கொல்லாது. அதே சமயம் உரிமம் ஊரோடு கட்டப்பட்டதில்லை. ஹால் போனால் உரிமத்தைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம், விற்கலாம். மில்டன் கீன்ஸ் லயன்ஸுக்கு நடந்தது அதுதான். நிலையான அரங்கம் அமையாமல், ஒரு பழைய கிடங்கைக்கூட மாற்றியமைத்து ஆடிப் பார்த்தார்கள். அதுவும் நிலைக்காதபோது லண்டனுக்குப் போனார்கள். 2012 ஒலிம்பிக்கில் ஹேண்ட்பால் போட்டிகள் நடந்த காப்பர் பாக்ஸ் அரங்கம் அங்கே அவர்களுக்கு வீடானது. மில்டன் கீன்ஸ் ரசிகர்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

கோப்பைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் புதியவர்கள் குழம்பும் இடம் இது. பி.பி.எல். காலத்தில் ஒரு சீசனில் நான்கு பட்டங்கள் இருந்தன. செப்டம்பர் வாக்கில் தொடங்கி வசந்தம்வரை நீளும் லீக் அட்டவணையில் முதலிடம் பிடிப்பவர் லீக் சாம்பியன். பெரும்பாலும் தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் முறையில் நடந்த போட்டிகள் இரண்டு: ஒன்று கோப்பை, மற்றொன்று டிராஃபி. கடைசியாக, அட்டவணையின் முதல் எட்டு அணிகள் மோதும் பிளே-ஆஃப். அமெரிக்காவின் என்பிஏ-வில் பிளே-ஆஃப் வென்றவர்தான் சாம்பியன், அட்டவணை முதலிடத்துக்குப் பெரிய மதிப்பில்லை. இங்கே அப்படியில்லை. லீக் பட்டம் தனி, பிளே-ஆஃப் பட்டம் தனி. ஒரு கிளப் 'அந்த ஆண்டு சாம்பியன்' என்று எங்காவது படித்தால், எதன் சாம்பியன் என்று கேட்டே ஆக வேண்டும்.

பி.பி.எல்.-இன் பிற்கால ஆண்டுகளில் பிளே-ஆஃபின் கால் இறுதியும் அரை இறுதியும் இரண்டு ஆட்டங்களாக நடந்தன. சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று, இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி முடிவாகும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. கூடைப்பந்தில் டிரா என்பதே கிடையாது என்று நாம் நினைத்திருப்போம். ஆனால் இந்த முறையில் முதல் ஆட்டம் நான்காவது குவார்ட்டர் முடிவில் சமமாக இருந்தால் கூடுதல் நேரம் கிடையாது, சமநிலையிலேயே முடியும். கூடுதல் ஐந்து நிமிடம் வருவது, இரண்டாவது ஆட்டத்தின் முடிவில் கூட்டுத்தொகை சமமாக இருந்தால் மட்டுமே. இது தெரிந்த பயிற்சியாளர் முதல் ஆட்டத்தில் 8 புள்ளி பின்தங்கி இருந்தால், கடைசி நிமிடத்தில் வீணாக ஃபவுல் செய்து 15 ஆக்கிக்கொள்ள மாட்டார். 8 புள்ளித் தோல்வியை அப்படியே வாங்கிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவார்.

வீடில்லாத ஆண்டுகள்

1990களின் இறுதியில் கிரான்பி ஹால்ஸ் மூடப்பட்டது. 2001இல் இடித்தே விட்டார்கள், அந்த இடம் வாகனம் நிறுத்தும் இடமானது. ரைடர்ஸ் கதையில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறு இல்லை. அணி கலையவில்லை. ஆனால் அதன் பிறகு ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாடகை வீட்டு வாழ்க்கைதான். லெஸ்டரில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக் கூடம், அது இல்லாதபோது பிறந்த ஊரான லஃப்பரோவின் பல்கலைக்கழகக் கூடம் என்று மாறி மாறி ஆடினார்கள்.

பல்கலைக்கழகக் கூடத்தில் ஆடுவதில் என்ன நஷ்டம்? இருக்கைகள் சில நூறுகளைத் தாண்டாது. தேநீர், சாப்பாடு விற்றுக் கிடைக்கும் வருமானம் கட்டடத்தின் சொந்தக்காரருக்குப் போகும். பயிற்சிக்கு நேரம் கேட்டால் மாணவர் வகுப்பும் தேர்வும் முந்திக்கொள்ளும். தேர்வுக் காலத்தில் விளையாட்டுக் கூடங்களில் மேசை போட்டுத் தேர்வு நடத்துவது அங்கே வழக்கம். சுவரில் ஸ்பான்சர் பலகை மாட்டினால் ஆட்டம் முடிந்ததும் கழற்ற வேண்டும். அடுத்த ஆண்டு இதே ஹால் கிடைக்குமா என்று தெரியாமல் சீசன் டிக்கெட் விற்பது இன்னும் கடினம்.

இந்த நிலையிலும் அவர்கள் வென்றார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2001இல் அமெரிக்கப் பயிற்சியாளர் பாப் டோனவால்ட் தலைமையில் தேசியக் கோப்பை கிடைத்தது. 2008இல் ராப் பேட்டர்னோஸ்ட்ரோ என்ற இன்னொரு அமெரிக்கர் பயிற்சியாளராக வந்தார். 2012–13 சீசனில் லீக், கோப்பை, பிளே-ஆஃப் மூன்றையும் ரைடர்ஸ் அள்ளியது. பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில், லண்டன் வெம்பிளி அரங்கில் தோற்கடித்தது, அந்தக் காலத்தின் வலுவான அணியான நியூகாசில் ஈகிள்ஸை. கிளப் தொடங்கி 46ஆவது ஆண்டில் கிடைத்த முதல் லீக் பட்டம் அது.

ஆக, சொந்த ஹால் இல்லாமல் வெல்லவே முடியாது என்றில்லை. வென்றதைத் தக்கவைப்பதுதான் முடியாது. வெற்றி பெற்ற அணியின் ஆட்டக்காரர்கள் அடுத்த ஆண்டு அதிகச் சம்பளம் கேட்பார்கள். அந்தப் பணம் டிக்கெட்டில் இருந்துதான் வர வேண்டும், டிக்கெட்டோ நாற்காலி இருந்தால்தான் விற்கும். மற்ற ஊர்களைப் பாருங்கள். மான்செஸ்டர் ஜயன்ட்ஸ் 1995இல் புதிதாகத் திறந்த மாபெரும் நைனெக்ஸ் அரங்கில் ஆடிய தொடக்க ஆட்டத்துக்கு 14,251 பேர் வந்தார்கள். பிரிட்டிஷ் லீக் கூடைப்பந்து அதுவரை கண்டிராத கூட்டம். 2000இல் அதே கிளப் சாம்பியனும் ஆனது, பயிற்சியாளர் நிக் நர்ஸ். பின்னாளில் 2019இல் டொராண்டோ ராப்டர்ஸை என்பிஏ சாம்பியனாக்கிய அதே நர்ஸ்தான். ஆனால் சாம்பியனான மறு ஆண்டே, 2001இல், சீசன் நடுவில் ஜயன்ட்ஸ் மூடப்பட்டது. ஒருநாள் கூட்டத்தை வைத்து மாபெரும் அரங்கத்துக்கு ஆண்டு முழுவதும் வாடகை கட்ட முடியாது. அந்தப் பெயர் மீண்டும் லீக்குக்கு வந்தது 2012இல், வேறு நிர்வாகத்தின் கீழ்.

2006ஐ ஒட்டி பிரைட்டன் பேர்ஸ், லண்டன் டவர்ஸ், பர்மிங்காம் புல்லட்ஸ் ஆகிய மூன்று பெரிய பெயர்களும் பி.பி.எல்.-இலிருந்து விலகின. பிரைட்டனும் லண்டனும் பர்மிங்காமும் சிறிய ஊர்களல்ல. ஆட்டக்காரர் பஞ்சமும் இல்லை. மூன்றுக்கும் சொந்தக் கட்டடம் இல்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

2010களில் பி.பி.எல். ஓர் அணியின் ஆண்டுச் சம்பளச் செலவுக்குச் சுமார் 2,50,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்திருந்தது. ஓர் ஆட்டத்துக்கு 12 பேரைப் பதியலாம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 20,800 பவுண்டு சொச்சம். உண்மையில் சமமாகப் பிரிக்க மாட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் மூன்று நான்கு முக்கிய ஆட்டக்காரர்களுக்குப் பெரும்பகுதி போகும். பட்டியலின் கடைசியில் இருக்கும் உள்ளூர் இளைஞர் படிப்போ வேறு வேலையோ செய்துகொண்டே ஆடுவார்.

வரவுப் பக்கம் என்ன? ஒன்பது அணிகள், ஒவ்வொன்றும் மற்ற எட்டோடு நான்கு முறை என்றால் லீக்கில் 32 ஆட்டங்கள். அதில் சொந்த ஊரில் 16. ஹாலில் 500 நாற்காலி இருந்து எல்லாம் நிரம்பினால் 8,000 டிக்கெட். 2,400 நாற்காலி நிரம்பினால் 38,400 டிக்கெட். சராசரி விலை 15 பவுண்டு என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டால், முதலாவது 1,20,000 பவுண்டு, இரண்டாவது 5,76,000 பவுண்டு. சாதாரணமாக இதில் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் அடங்கியிருக்கும். அதைக் கழித்தால் ஒரு லட்சம் ஒரு பக்கம், 4,80,000 மறுபக்கம். சிறிய ஹாலில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாசலில் 'டிக்கெட் தீர்ந்தது' பலகை தொங்கினாலும் சம்பளத்தில் பாதிகூடத் தேறாது. அணி எவ்வளவு நன்றாக ஆடினாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரைக் கொண்டுவருவதும் ஒரு கையெழுத்தோடு முடிகிற வேலையல்ல. கோடையில் ஒப்பந்தம் போட வேண்டும். அவர் கடைசியாக ஆடிய நாட்டின் சங்கத்திடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும். விசாவுக்கு முன் விளையாட்டு நிர்வாக அமைப்பின் பரிந்துரை வேண்டும். 2021 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கும் விசா தேவைப்படுகிறது. முன்பு லிதுவேனியாவிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ ஒருவரை ஒரே வாரத்தில் வரவழைக்கலாம், இப்போது முடியாது. வீடு, விமானச் செலவு எல்லாம் கிளப்பின் தலையில். ஒரு விசா மூன்று வாரம் தாமதமானால் சீசனின் முதல் ஐந்தாறு ஆட்டங்களைப் பாயின்ட் கார்டு, அதாவது ஆட்டத்தை வழிநடத்துபவர், இல்லாமல் ஆட வேண்டிவரும். நவம்பரில் நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரை ஜெர்மனியோ போலந்தோ இரண்டு மடங்கு சம்பளம் காட்டி இழுத்துக்கொள்ளும். பட்டியலில் திடீரென்று ஒரு பெயர் மறைந்து இன்னொரு பெயர் வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதற்கு மாற்று மருந்து, ஒருவரையே நீண்ட காலம் பயிற்சியாளராக வைத்திருப்பது. ஆட்டக்காரர் ஆண்டுதோறும் மாறினாலும் ஆடும் முறை மாறாது. பேட்டர்னோஸ்ட்ரோ 2008 முதல் லெஸ்டரில் செய்தது அதைத்தான். நியூகாசிலில் நியூயார்க்கைச் சேர்ந்த ஃபேபுலஸ் ஃப்ளர்னாய் 2002 முதல் 2019 வரை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேர இருந்து, 2005–06இல் நான்கு பட்டங்களையும் ஒரே சீசனில் வென்று காட்டினார். பிறகு ராப்டர்ஸில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இன்னொரு மருந்து, உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்ப்பது. ரைடர்ஸ் பெயரில் லஃப்பரோவின் சார்ன்வுட் கல்லூரியில் இளையோர் அணியும், லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஓர் அணியும் ஆடுகின்றன. 16 வயதில் கல்லூரி அணி, பிறகு பல்கலைக்கழகம், பிறகு தொழில்முறை அணி என்று ஒரு படிக்கட்டு. நல்ல திறமைசாலிகள் பலர் 18 வயதில் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போய்விடுவார்கள் என்பது இதிலுள்ள ஓட்டை. ஆனால் 22, 23 வயதில் திரும்பி வரும்போது, தங்களை வளர்த்த கிளப்பின் தொலைபேசி எண் அவர்களிடம் இருக்கும்.

சொந்தக் கூரை

2016 ஜனவரியில் லெஸ்டரின் சார்ட்டர் தெருவில் ரைடர்ஸின் அரங்கம் திறந்தது. லெஸ்டர் நகர மன்றமும் லெஸ்டர் கல்லூரியும் கூட்டாளிகளாகக் கைகொடுக்க, கிளப் முன்னின்று கட்டியது. செலவு 50 லட்சம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 2,400 பேர் உட்காரலாம். தொடக்கத்தில் லெஸ்டர் சமூக விளையாட்டு அரங்கம் என்ற பெயர். பின்னர் பெயருரிமையை விற்கத் தொடங்கி மார்னிங்சைட் அரங்கம் ஆனது, அதன்பின் மட்டியோலி அரங்கம். முதலாவது ஒரு மருந்துக் கம்பெனி, இரண்டாவது ஒரு நிதி ஆலோசனை நிறுவனம். பெயர் மாறுவதைக் கண்டு கட்டடம் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். வாடகைக் கூடத்தில் இருந்தபோது இந்த வருமானத்துக்கு வழியே இல்லை.

அந்த 2015–16 சீசனிலேயே லீக் பட்டம் வந்தது. 2016–17, 2017–18 என்று தொடர்ந்து மூன்று முறை. பிளே-ஆஃப் பட்டமும் 2017, 2018, 2019 என்று மூன்று. பிறகு 2020–21, 2021–22 லீக் பட்டங்கள். முதல் 48 ஆண்டுகளில் ஒரே ஒரு லீக் பட்டம், அடுத்த ஏழு சீசன்களில் ஐந்து. அதில் ஒரு சீசன் கொரோனாவால் முடியாமலே போனது. கட்டடம் பந்தைக் கூடையில் போடாது என்பது உண்மைதான். பேட்டர்னோஸ்ட்ரோவின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. ஆனால் அதே பயிற்சியாளர் முன்பு ஏழு சீசன் வாடகைக் கூடத்தில் உழைத்தபோது ஒரு முறைதான் லீக்கை வென்றார்.

அரங்கத்தின் உண்மையான பலம் ஆட்டம் இல்லாத நாட்களில் தெரியும். ஆண்டுக்கு 16 லீக் ஆட்டம், கோப்பை ஆட்டங்கள் சில. மீதி 340 நாள்? பகலில் மாணவர்கள், மாலையில் உள்ளூர் அணிகள், சக்கர நாற்காலி கூடைப்பந்து, சிறுவர் பயிற்சி. இழுத்து மடிக்கும் வகை இருக்கைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டால் தரை முழுவதும் பயிற்சிக்குக் கிடைக்கும். இன்னொரு பக்கம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள். ஈட்டியெறிப் பலகை விளையாட்டான டார்ட்ஸின் உலக கிராண்ட் பிரீ போட்டி 2021 முதல் இங்கேதான். ஸ்னூக்கரின் சாம்பியன்ஷிப் லீக்கும் பலமுறை இங்கே நடந்திருக்கிறது. கூடைப்பந்துக்காகக் கட்டிய தரையின் மேல் ஸ்னூக்கர் மேசைகள் நின்று கிளப்புக்குச் சோறு போடுகின்றன.

லெஸ்டரைப் பார்த்து மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள், அல்லது தாங்களாகவே அதே முடிவுக்கு வந்தார்கள். நியூகாசில் ஈகிள்ஸ் பெரிய அரங்கத்தில் ஆடிவிட்டு, 2010 முதல் நார்த்தம்பிரியா பல்கலைக்கழகக் கூடத்தில் இருந்துவிட்டு, 2019 ஜனவரியில் ஏறத்தாழ 3,000 பேருக்கான சொந்த அரங்கத்துக்குக் குடியேறியது. ஷெஃபீல்ட் ஷார்க்ஸ் 1994–95இல் லீக்கில் நுழைந்த முதல் சீசனிலேயே சாம்பியனான கிளப். அதற்குச் சொந்த அரங்கம் அமைய 2023 ஆனது, அதுவும் 2,500 பேர் அளவில். மூன்று ஊர்களிலும் ஒரே அளவு வருவது தற்செயலல்ல. ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை இரவில் நிரப்பக்கூடிய எண்ணிக்கை அதுதான்.

லீக் விழுந்தபோது

2021 டிசம்பரில் 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 70 லட்சம் பவுண்டு போட்டு பி.பி.எல்.-இல் 45.5 சதவீதப் பங்கு வாங்கியது. லண்டன் லயன்ஸும் அந்த நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. லயன்ஸ் பணத்தைக் கொட்டி ஐரோப்பியப் போட்டிகளில் முன்னேறியது. 2024 ஏப்ரலில் லயன்ஸ் பெண்கள் அணி யூரோகப் வென்று, ஐரோப்பியக் கூடைப்பந்துப் பட்டம் வென்ற முதல் பிரிட்டிஷ் கிளப் ஆனது. அடுத்த சில மாதங்களில் 777 நிறுவனமே நிதி நெருக்கடியில் சரிந்தது. லீக்கின் நிதிநிலை குறித்துக் கவலைப்பட்ட பிரிட்டிஷ் கூடைப்பந்து கூட்டமைப்பு 2024 கோடையில் பி.பி.எல்.-இன் உரிமத்தை ரத்து செய்தது. 37 ஆண்டு பழைய லீக் சில வாரங்களில் இல்லாமல் போனது.

கிளப்புகள் கூடி சூப்பர் லீக் பாஸ்கெட்பால் என்ற புதிய லீக்கை அதே கோடையிலேயே அமைத்து, ஒன்பது அணிகளோடு செப்டம்பரில் ஆட்டத்தைத் தொடங்கின. அவ்வளவு குறுகிய காலத்தில் அது எப்படி முடிந்தது? ஆட ஹால் இருந்தது, பயிற்சி நடந்துகொண்டிருந்தது, சீசன் டிக்கெட் வாங்கியவர்களின் பட்டியல் கிளப்பின் கையில் இருந்தது. லெஸ்டர், நியூகாசில், ஷெஃபீல்ட் மூன்றுக்கும் மாற வேண்டியிருந்தது அட்டவணையின் தலைப்பும் பந்தின் மேலுள்ள சின்னமும்தான். லண்டன் லயன்ஸுக்குப் புதிய முதலாளி தேவைப்பட்டது, லிதுவேனியாவின் டெசோநெட் நிறுவனம் வந்து எடுத்துக்கொண்டது. காப்பர் பாக்ஸில் அவர்கள் இன்றும் வாடகைதாரர்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் டார்ட்ஸ் போட்டி ஒரு வாரத்துக்கு மேல் லெஸ்டர் அரங்கத்தை எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் ரைடர்ஸுக்குச் சொந்த ஊர் ஆட்டம் கிடையாது, வெளியூர் ஆட்டங்களைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கிரான்பி ஹால்ஸ் காலத்திலும் வேறு நிகழ்ச்சிக்காக இப்படித்தான் ஒதுங்கினார்கள். இப்போது அந்த வாடகையைக் கிளப்பின் அரங்கமே வாங்குகிறது.